சோப்பு டப்பாவில் வந்த மழைமுதலை

“…வாலும் இருக்கு, கொம்பும் இருக்கு, வாயில தீயும் இருக்கு. அக்கா, இது நிங்ஙளோட ஸ்லைடு தானா?”

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேப் ஜன்னலுக்குள் இருந்த பெண் எங்களிடம் கேட்ட கேள்வி இது. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. செல்போன் பெரிய ஆட்களின் சட்டைப் பையில் மட்டும் இருந்த நேரம். மே மாதம், பள்ளிக்கூடங்களுக்கு லீவு. ஜன்னல் பலகையில் ஒரு ரோஸ் நிற சோப்பு டப்பா திறந்து கிடந்தது. என் அக்காவின் கழுத்திலிருந்து எடுத்த கட்டி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பல்லி நெருப்பைக் கக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் பஸ்ஸும் ரயிலும் வந்து நிற்கிற தம்பானூரில் ஒரு லாட்ஜில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுப்பவன் நான். ஊர் வள்ளியூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் எட்டாவதோடு விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் படித்ததெல்லாம் லாட்ஜுக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான். யார் எதைச் சொன்னாலும் அது என் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை கொல்லத்துக்காரர் ஒருவர் காலையில் சாவியைத் திருப்பித் தரும்போது, “ரூம் கொள்ளாம். உறக்கம்தான் வந்தில்ல. அது நிங்ஙளோட குற்றமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். கொள்ளாம் என்றால் அவர்கள் பாஷையில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இன்றுவரை ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான். இப்படி மனதில் சேர்த்து வைத்திருக்கிற பேச்சுகளில், எனக்கு மிகவும் வேண்டியவை அந்த மே மாதத்தில் கிடைத்தவை.

அக்கா ஊரில் பீடி சுற்றுபவள். கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி வந்தது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்தவர்கள், “சந்தேகமா இருக்கு, திருவனந்தபுரத்துல காட்டிருங்க” என்றார்கள். அந்தக் கட்டியை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டித் தருவார்கள். அதுதான் ஸ்லைடு. அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் பெரிய டாக்டர், இது அந்த நோயா இல்லையா என்று சொல்வார். கொடுக்கும்போதே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்கள். கட்டி சின்னது, மிச்சம் ஒன்றும் கையில் இல்லை, இது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் கழுத்தைக் கீற வேண்டியதுதான்.

அத்தான் யோசித்து, வீட்டில் இருந்த சோப்பு டப்பாவைக் கழுவிக் காயவைத்து, பஞ்சு பரப்பி, ஸ்லைடுகளை அதில் படுக்கவைத்து, மேலே ரப்பர் பேண்டு போட்டு அனுப்பினார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அந்த ரோஸ் டப்பா இருக்கும். பஸ் ஏறுகிற எவருடைய பையைத் திறந்தாலும் இருக்கும். வினையே அங்கேதான் இருந்தது.

காலையில் அக்கா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். அத்தானுக்கு வேலையில் லீவு இல்லை. கழுத்தில் பிளாஸ்திரி. முகத்தில் பேச்சே இல்லை. என்னைவிட வாயாடி அவள். அந்தக் கட்டி வந்ததிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடட்டும் என்று லாட்ஜுக்குப் பக்கத்து ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். பஸ் வந்த நேரம், கூட்டம் நெரிந்தது. பை மடியில் நசுங்குகிறது என்று சோப்பு டப்பாவை மட்டும் வெளியே எடுத்து, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு பெண்ணும் அவளுடைய பையனும். பையனுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். பூரித் தட்டைத் தள்ளிவிட்டு மேசைமேல் படம் போட்ட கார்டுகளைப் பரப்பியிருந்தான். அப்போது நகரம் முழுக்கப் பையன்களுக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு விசித்திர ஜந்து இருக்கும். அதற்கு எவ்வளவு உயிர், எப்படி அடிக்கும், எதைக் கண்டால் பயப்படும் என்றெல்லாம் அடியில் அச்சடித்திருக்கும். ஒருவன் கார்டை இன்னொருவன் கார்டோடு மோதவிட்டுச் சண்டை போடுவார்கள்.

“எடா, ஒண்ணுகில் பூரி தின்னு, இல்லெங்கில் கார்டு தின்னு. ரெண்டும் நடக்காது,” என்றாள் அம்மா.

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பையன் கார்டுகளை அடுக்கி, ஒரு டப்பாவில் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி மேசையில் வைத்துவிட்டுப் பூரியைப் பிய்த்தான். அந்தப் பேச்சை ரசித்த நான் அந்த டப்பாவைப் பார்க்கவில்லை. அதுவும் ரோஸ் நிற சோப்பு டப்பாதான். அவர்கள் அவசரமாக எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் நாங்களும் எழுந்தோம். அவர்களும் நாங்களும் ஆளுக்கொரு டப்பாவைத் தவறாமல் எடுத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம்தான் லேப் ஜன்னலும், வாலும், கொம்பும்.

அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஹோட்டல் மேசை சட்டென்று கண்முன் வந்தது. தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துக்காரர். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். கேட்டு முடித்தவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அக்காவின் பைலை எடுத்து மற்றவற்றோடு சேர்க்காமல் தன் கைப்பக்கம் தனியாக வைத்தார்.

“ஒரு மணிக்கு ஜன்னல் அடைப்போம். அதுக்குள்ள கொண்டுவந்தா இன்னைக்கே உள்ள போகும். இல்லேன்னா டாக்டர் இனி அடுத்த வாரம்தான் நோக்குவார். இந்த பைல் இங்கணயே இருக்கும், பயப்பட வேண்டாம்.” பிறகு டப்பாவை மூடி எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்: “இந்தப் பெட்டியோட ஆளுக்கும் இப்போ நல்ல விஷமம் காணும். சீக்கிரம் போங்க.”

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கேட்டியா தம்பி? விஷமம் புடிச்ச பயன்னு அந்தப் பிள்ளையே சொல்லுதா. வேணும்னுதான் எடுத்துட்டுப் போயிருக்கான். கண்ணாடின்னு தெரிஞ்சதும் கல்லுல போட்டு உடைச்சிருப்பான்.”

“அக்கா, மலையாளத்துல விஷமம்னா வருத்தம். அவனும் வருத்தமா இருப்பான்னு சொல்லுதாங்க.”

“வருத்தத்துக்கா விஷமம்னு பேரு வச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அவள் நம்பவில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. வழி முழுக்கக் கழுத்துப் பிளாஸ்திரிமேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். மறுபடியும் கீறுவார்களோ என்பதுதான் அவள் பயம். முதல் தடவையே, தெரிந்தவர்கள் முகம் ஒன்றுகூட அந்த அறையில் இல்லை என்று என்னிடம் போனில் அழுதவள் அவள்.

ஹோட்டலில் கல்லாவில் இருந்தவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“சோப்பு டப்பாவா? உள்ள சோப்பு உண்டோ?”

“சோப்பு இல்ல அண்ணே, கண்ணாடி.”

“கண்ணாடியும் இல்ல, சோப்பும் இல்ல. ஒண்ணும் கிட்டியில்ல.” அந்த அம்மாவும் பையனும் யாரென்று அவருக்குத் தெரியாது. “வழக்கமா வர்ற ஆளுங்க இல்ல,” என்றார்.

நடுத்தெருவில் நின்றேன். ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன், ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு. அவர்கள் எந்த ஊர் வண்டியில் ஏறியிருந்தாலும் ஏறியிருக்கலாம். என் கையில் இருந்ததெல்லாம் ஒரு டப்பா நிறைய ஜந்துகள். திறந்து பார்த்தேன். பேர் இல்லை, ஊர் இல்லை. கால் முளைத்த மீன், இறக்கை முளைத்த பூனை, மின்னல் அடிக்கிற கோழி. எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அப்போதுதான் இந்த ஜந்துகளின் பாஷை தெரிந்தவர்கள் என் லாட்ஜுக்குப் பின்னாலேயே இருக்கிறார்கள் என்பது உறைத்தது.

லாட்ஜின் பின்சந்தில் கட்டட வேலைக்கு வந்த நம்மூர்க் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்தன. அந்த வீட்டுப் பையன்கள் லீவு நாள் முழுக்க எங்கள் பின்படியில் உட்கார்ந்து இதே கார்டுகளை வைத்துச் சண்டை போடுவார்கள். சத்தம் தாங்காமல் நானே பலமுறை விரட்டியிருக்கிறேன். அன்றும் நானும் அக்காவும் சந்தில் நுழைந்ததும் எழுந்து ஓடப் பார்த்தார்கள்.

“ஏல, ஓடாதீங்க. இதைப் பாருங்க,” என்று டப்பாவைத் திறந்து காட்டினேன்.

கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கின.

“மாமா! இது எங்கேருந்து கிட்டிச்சு? அடிபொளி!”

“எடா, மழைமுதலை! மழைமுதலை உண்டு இதுல!”

“அப்போ இது அவன்றது.”

“யாரோடது?” என்றேன்.

“மழைமுதலைக்காரனோடது.”

“அவன் பேரு என்னல?”

ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். பேரைக் கேட்க வேண்டும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. “பேரு அறியில்ல மாமா. இந்தச் சுத்துவட்டாரத்துல மழைமுதலை அவன்கிட்ட மட்டும்தான் உண்டு. அதான் மழைமுதலைக்காரன்.”

“அவன் இப்ப எங்க இருப்பான்?”

“அவன் செத்துட்டான்,” என்றான் இருக்கிறதிலேயே சின்னவன், மிட்டாயை மென்றுகொண்டே.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அய்யோ அத்தை, சத்தியமா சாகல! நேத்து விளையாட்டுலதான் செத்தான். நாங்க எல்லாரும் சேர்ந்து அடிச்சோம், உயிரு தீர்ந்து போச்சு. நாளைக்கு மறுபடியும் வரும்.”

“என்னது வரும்?”

“உயிரு.”

“யாருக்கு?”

“யாருக்கும் வரும் அத்தை. அதுதான் ரூல்.”

அக்கா அந்தப் பையனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, தோள் குலுங்கி, கழுத்துத் தையல் வலிக்க, அதைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இந்த ரூலை ஆஸ்பத்திரியில ஒருத்தனும் எனக்குச் சொல்லலியே!” என்றாள்.  டப்பா கிடைக்கிறதோ இல்லையோ, என் அக்கா கிடைத்துவிட்டாள் என்று தோன்றியது.

“ஆமா, இந்த மழைமுதலை என்ன செய்யும்?” என்று அவள் கேட்டாள். பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். மழை பெய்தால் போதுமாம். எவ்வளவு அடி வாங்கியிருந்தாலும் போன உயிர் அதற்குத் திரும்பி வருமாம். அக்கா அந்தக் கார்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ மணி ஓடுகிறது என்கிற கவலை.

“அவன் வீடு தெரியுமால?”

“வீடு அறியில்ல. அவன் அம்மை பழவங்காடியில, கோயில் பக்கம் தேங்காய்க்கடையில நிக்கும். தேங்காய் வாங்குற மாதிரி போய் நின்னாத்தான் எங்களுக்கு அவன்கூட விளையாடக் கிட்டும். இல்லேன்னா அந்த அம்மை ஓட்டிவிட்டிரும்.”

நான் அவசரமாக டப்பாவை மூடி ரப்பர் பேண்டை மாட்டினேன். மறுபடியும் ஆட்டோ.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுதான் விசேஷம். வேண்டிக்கொண்டவர்கள் ஒன்று பத்து என்று கணக்கில்லாமல் எறிந்து உடைத்துக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் இறங்கும்போதும் படீர் படீர் என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்காவின் தோள் துள்ளியது. அவள் காதில் விழுந்தது தேங்காய் இல்லை, கண்ணாடி.

மூன்றாவது கடையில் அந்தப் பெண் நின்றாள். எங்களைக் கண்டதும் கையிலிருந்த தேங்காயைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“அண்ணா, நிங்ஙளோ! எவிட போயி தேடுறதுன்னு அறியாம நிக்குறேன். என் மாமியாரை ரயிலேத்தி விட்டுட்டு அந்த ஹோட்டல்ல சாப்பிடக் கேறினது. இங்க வந்து பெட்டி தொறந்தா கண்ணாடி. அவன் ஒரே அழுகை.”

“இப்ப அந்தப் பெட்டி எங்கம்மா?”

“அவன் இப்பத்தான் அதும் கொண்டு ஓடிப்போனான், அந்த ஹோட்டலுக்கு. கடைக்கு ஆள் வரட்டே, ஒண்ணாப் போலாம்னு சொன்னேன். கேக்கணுமே! ‘கார்டு போனா எனக்கு எப்படி இருக்கு, அதுபோலதானே அவங்களுக்கும்’னு சொல்லிட்டு ஒரே ஓட்டம்.”

“ஓடினானா?” என்றாள் அக்கா.  “கண்ணாடியை வச்சுக்கிட்டா ஓடினான்?”

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. இந்த ஊர் மே மாத மழை கேட்டுவிட்டு வராது, மொத்தமாகக் கொட்டும். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள்: “சேச்சி, நிங்ஙள் போங்க! நிங்ஙளுக்காக ஒரு தேங்காய் நான் உடைச்சிக்கறேன்!”

ரோடெங்கும் தண்ணீர். எதிரே வருகிற பையன்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தோம். தரையில் ரோஸ் நிறத்தில் ஏதாவது கிடந்தால் அக்கா நின்றுவிடுவாள். ஒரு இடத்தில் பிளாஸ்டிக் மக்கின் உடைந்த துண்டு. இன்னொரு இடத்தில் செருப்பு. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தாள்.

ஹோட்டல் வாசலில் கால் வைத்ததும் கல்லாக்காரர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

“வந்துட்டீங்களா? ஒண்ணும் திங்காம அந்தப் பையன் மேசையைப் பிடிச்சிட்டு இருக்கான். எழும்பச் சொன்னா எழும்பமாட்டேங்குறான். ‘இவிட வச்சுத்தான் மாறிப்போச்சு, அவங்க இவிடத்தான் வருவாங்க’ங்குறான். வக்கீல் மாதிரி பேசுறான்!”

காலையில் உட்கார்ந்த அதே மேசை, அதே இடம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டப்பா நனையவில்லை. தேங்காய் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் கவரைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தான். இரண்டு கைகளையும் அதற்கு அணை கொடுத்து, யாராவது தண்ணீர் டம்ளரை அந்தப் பக்கம் வைத்தால் தள்ளிவைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி: “என் கார்டு?”

என் டப்பாவை வைத்தேன். அவன் டப்பாவை வைத்தான். அக்கா கவரைப் பிரித்தாள். ஈர முடிச்சு அவிழவில்லை. அவனே பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தான். மூடியைத் திறந்தாள். பஞ்சுமேல் ஸ்லைடுகள், அத்தான் படுக்கவைத்த மாதிரியே. உடைசல் இல்லை, கீறல் இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் விட்ட மூச்சு கல்லாவரைக்கும் கேட்டிருக்கும்.

“நான் ஒரே ஒண்ணு மட்டும்தான் எடுத்து நோக்கினேன்,” என்றான் பையன். “ஓரத்துலதான் பிடிச்சேன். இந்தா, இப்படி.” கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியால் மட்டும் தொடுகிற மாதிரிப் பிடித்துக் காட்டினான். “நடுவுல விரல் பட்டா போச்சு. கார்டுக்கும் அப்படித்தான்.”

அடுத்து அவன் தன் கார்டுகளைப் பார்க்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றையும் அதே மாதிரி ஓரத்தில் பிடித்து எடுத்தான். எடுக்க எடுக்க முகம் சுருங்கியது. “யாரு இதைத் தொட்டது? ஒட்டுது. இனிப்பு!” பின்சந்துக் கடலை மிட்டாய் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அடிவரைக்கும் பார்த்து முடித்தவன், நிமிர்ந்தான்.

“மழைமுதலை எவிடே?”

கீழுதடு துடித்தது. நான் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். மேசைக்கடியில் பார்த்தேன். அந்தச் சின்னப் பயல்தான் அமுக்கியிருப்பான் என்று பின்சந்துக்கு ஓட எழுந்துவிட்டேன். அப்போது அக்கா மெல்ல முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பஸ் டிக்கெட்டோடு மழைமுதலை.

“மழை வந்துச்சுலா…” என்றாள், யாரையும் பார்க்காமல். “கையில இருக்கட்டும்னு தோணிட்டு.”

நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். பையன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது ஞாயமான காரியமாகத்தான் பட்டது. அக்காவின் கழுத்துப் பிளாஸ்திரியைப் பார்த்தான்.

“எவ்வளவு உயிரு போச்சு?” என்று கேட்டான்.

“தெரியலியே மக்கா. அதைப் பாக்கத்தான் இந்தக் கண்ணாடி.”

அவன் முதலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.  கடைசியில் அதை இரண்டு பக்கமும் ஊதிக் காயவைத்து, தன் டப்பாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். அது அவ்வளவு லேசில் கொடுக்கிற கார்டு இல்லை. பிறகு அடியிலிருந்து வேறொன்றை உருவினான். கல் மாதிரி ஓட்டோடு ஒரு நத்தை. தலையில் இரண்டு கொம்பு.

“இது எனக்கு ரெண்டு உண்டு. எடுத்துக்கோங்க. இதுக்கு அடிக்கத் தெரியாது. ஆனா யாரு அடிச்சாலும் ஓட்டுக்குள்ள போயிரும். சாகாது.”

அக்கா அதை வாங்கினாள், அவன் காட்டிய மாதிரியே ஓரத்தில் பிடித்து. ஸ்லைடுகளுக்குமேல் பஞ்சை மூடி, பஞ்சுமேல் நத்தையைப் படுக்கவைத்தாள். பூரி வாங்கித் தருகிறேன் என்றேன். “அம்மை தனியா நிக்குது,” என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டான். அவன் பேரை நானும் கேட்கவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது லேப் ஜன்னலில் பாதிப் பலகை இறங்கியிருந்தது. ஈரப் புடவையோடு அக்காவைப் பார்த்ததும் பலகை மறுபடி மேலே ஏறியது. அந்தப் பெண் டப்பாவைத் திறந்தார். நத்தையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அதை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்லைடு ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், நுனி மட்டும். பையன் பிடித்த அதே பிடி. 

“ஒரு விரல் அடையாளம்கூட இல்ல. கொள்ளாம்,” என்றார். “பெட்டியோட ஆளுக்கு விஷமம் மாறிச்சா, போச்சா?”

“அவனுக்கு மாறிச்சு,” என்றாள் அக்கா.

ரிசல்ட் வர அடுத்த வாரம் ஆகும் என்றார்கள்; அதுவரை நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்கா ஊருக்குப் போகாமல் என் வீட்டிலேயே இருந்தாள். தினமும் மழை பெய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்வாள். குறித்த நாளில் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, பேப்பரைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, அது அந்த நோய் இல்லை என்றார். இனி கத்தியும் வேண்டாம், அந்த நோய்க்கு வைக்கிற கரண்டும் வேண்டாம், இடையிடையே வந்து காட்டிவிட்டுப் போனால் போதும் என்றார். அக்கா அழவில்லை. “அப்ப நான் நல்லாச் சாப்பிடலாமா?” என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். அவளுக்குப் பசியே எடுக்காத நாட்கள் எத்தனை என்று அவருக்குத் தெரியாது.

ஸ்லைடுகளைத் திருப்பி வாங்க அந்த ஜன்னலுக்குப் போனோம். பின்னால் நீண்ட வரிசை. அந்தப் பெண் சோப்பு டப்பாவை எடுத்து வைத்தார். பழைய ரப்பர் பேண்டு இற்றுப்போயிருந்ததால் புதிதாக ஒன்று போட்டிருந்தார். திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தவர், நத்தையை மட்டும் வெளியே எடுத்தார். ஓரத்தில் பிடித்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்லைடைப் பார்த்தது போலவே ரொம்ப நேரம் பார்த்தார்.

“கொம்பு ரெண்டு உண்டு,” என்றார் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. “ஆனா பிரச்சனையில்ல. வீட்டுக்குப் போகலாம்.”

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.  ஒரே ஒரு பேச்சுதான் வந்தது, அதுவும் மலையாள அர்த்தத்தில்: “விஷமம் மாறிச்சு தாயி.” சொல்லி முடிப்பதற்குள் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வந்துவிட்டது.

நானும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவன். எதிரே யார் எந்த நிலையில் நின்றாலும் சாவியை நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பழக்கம். இன்றைக்கு என் கவுண்டர் முன்னால் யாராவது பேச்சு வராமல் நின்றால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன் என்றால், அதற்குக் காரணம் அந்தப் பெண் அப்போது செய்த காரியம்தான். கார்டைப் பஞ்சுமேல் வைத்து மூடினார், வரிசையைப் பார்த்து “ஒரு மினிட்டு” என்றார், எழுந்துபோய்ப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே என் அக்காவிடம் வந்தார்.